80-களில் ஜப்பானில் வீட்டில் பதிவு செய்த டோக்குசாட்சு கேசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்திருக்கின்றன. என்ன செய்யலாம்?

முகிலன்

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக ஜப்பானில், சைதாமாவில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கார அம்மா மாடி அறையை ஒழித்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய விஹெச்எஸ் கேசட்டுகள் வெளியே வந்தன. அவருடைய மகன் பள்ளியில் படித்த காலத்தில் டிவியிலிருந்து பதிவு செய்து வைத்த டோக்குசாட்சு தொடர்கள், அதாவது தந்திரக் காட்சிகளோடு எடுத்த ஜப்பானிய சாகச நாயகர் தொடர்கள். மகனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. போனில் கேட்டதற்கு "குப்பையில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். எனக்கு இந்தத் தொடர்கள் என்றால் உயிர் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் என்னிடம் கொடுத்துவிட்டார்.

கேசட்டின் முதுகில் பிள்ளைக் கையெழுத்தில் தொடரின் பெயரும் சிலவற்றில் எபிசோடு எண்ணும் இருக்கின்றன. உச்சூ கெய்ஜி கியாபன், ஷாரிபன், ஷைடர், சேஞ்ச்மேன், காமென் ரைடர் பிளாக், பிளாக் ஆர்எக்ஸ். அதாவது 1982-இலிருந்து 1989 வரை. பழைய பொருள் கடையில் கேசட்டை ஓட்டும் டெக் ஒன்று வாங்கி இரண்டு மூன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஷாரிபன் நன்றாகவே ஓடுகிறது, விளம்பரங்களோடு.

எனக்குள்ள சந்தேகம் இதுதான். இந்தத் தொடர்கள் எல்லாமே டிவிடியாகவோ ப்ளூரேயாகவோ வந்துவிட்டன. அப்படியிருக்க இந்த மங்கலான பதிவுகளை மெனக்கெட்டு டிஜிட்டலாக மாற்றுவதில் பயன் உண்டா? உண்டென்றால் எப்படி மாற்றுவது, மாற்றிய பிறகு எங்கே வைப்பது? இன்னொன்று, சில கேசட்டுகளின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேப்பின் மேல் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பிளாக் ஆர்எக்ஸ் என்று எழுதிய ஒரு கேசட்டில் ஆர்எக்ஸே இல்லை. அரை மணி நேரம் கறுப்பு உடை அணிந்த அறிவிப்பாளர்கள் பேசுகிறார்கள், பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகள் வருகின்றன, விளம்பரம் ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் தூக்கிப் போட்டுவிடலாமா?

ரவி தாமஸ்

வாழ்த்துகள் முகிலன். ஆனால் படத்துக்காக என்றால் மெனக்கெட வேண்டாம் என்பேன். நீங்கள் சொன்ன தொடர்கள் அனைத்தும் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தவை, மூலப் பிரதி அவற்றைத் தயாரித்த டோயே நிறுவனத்திடம் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த ப்ளூரேவுக்கு முன்னால் வீட்டுப் பதிவு நிற்காது. நினைவுக்காக நாலைந்து கேசட்டை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

செல்வராணி

முகிலன் தம்பி, அந்த ஆர்எக்ஸ் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன் வெள்ளைப் புள்ளி. அது பூசணம். அந்தக் கேசட்டுகளை எக்காரணம் கொண்டும் டெக்கில் போட வேண்டாம். ஓடவிட்டால் பூசணம் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து நீங்கள் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனியாக ஒரு பையில் போட்டு மூடி, பெட்டியிலிருந்து விலக்கி வையுங்கள். சுத்தம் செய்து கொடுப்பவர்கள் ஜப்பானிலேயே இருக்கிறார்கள். மற்ற கேசட்டுகளில் முதுகுப் பக்கம் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது உடையாமல் இருந்தால் இன்றைக்கே உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை தவறுதலாக ஒரு பொத்தான் அழுத்தினாலும் பழைய பதிவின் மேல் புதிதாகப் பதிவாகிவிடும்.

சரி, பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். ரவி சொன்னது படத்தைப் பொறுத்தவரை சரி. டோக்குசாட்சு தொடர்கள் இந்த அளவுக்குத் தப்பிப் பிழைத்ததற்குக் காரணமே ஃபிலிம்தான். அல்ட்ரா கியூ என்ற தொடர் 35 மில்லிமீட்டரில் எடுத்தது, 1966 ஜனவரியில் ஒளிபரப்பானது. இன்றைக்கும் அதைத் துல்லியமாகப் பார்க்க முடிகிறது. அதே காலத்தில் வீடியோ டேப்பில் எடுத்த நிகழ்ச்சிகள் அப்படியே அழிந்தன. அப்போது நிலையங்கள் பயன்படுத்திய இரண்டு அங்குல டேப் கொள்ளை விலை. ஒளிபரப்பு முடிந்ததும் அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிடுவார்கள்.

நம் துறையில் இதற்குப் பலியானது டொட்சுகெகி ஹியூமன். 1972 அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிப்பான் டிவியில் 13 எபிசோடுகள் வந்தன. காமென் ரைடர் உச்சத்தில் இருந்த சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, அதற்கு எதிராகவே போட்டார்கள். அதை ஸ்டுடியோவில் எடுக்கவில்லை. பொது அரங்கங்களில் மேடை போட்டு, குழந்தைகளை உட்காரவைத்து, நாடகம்போல நடத்தி வீடியோவில் பதிவு செய்தார்கள். நாயகனை அழைக்க அரங்கிலிருக்கும் பிள்ளைகள் கையில் ஒரு வட்டத் தகடைப் பிடித்துச் சுழற்றுவார்கள். உருவங்களை வடிவமைத்தவர் நரிதா டோரு, அல்ட்ராமேனை வடிவமைத்த அதே மனிதர். இவ்வளவு இருந்தும் ஒரு முழு எபிசோடுகூட இன்று நம் கையில் இல்லை. புகைப்படங்கள், பாட்டு, வடிவமைப்பு ஓவியங்கள், அந்தக் காலப் பத்திரிகைப் பக்கங்கள், நேரில் பார்த்தவர்களின் நினைவு, இவற்றை வைத்துத்தான் ரசிகர்கள் அந்தத் தொடரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தொடரை நினைத்தால் மனசு ஆறுவதே இல்லை.

அதே 1972-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே டைம் டிராவலர் என்று ஒரு அறிவியல் புனைவுத் தொடரை ஒளிபரப்பியது. அதில் கடைசி எபிசோடு மட்டும் இன்றும் இருக்கிறது. காரணம், ஒரு நேயர் அதை வீட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். பீட்டாமேக்ஸ் 1975-இல், விஹெச்எஸ் 1976-இல்தான் வந்தன. அதற்கு முன்னால் வீட்டில் பதிவுக் கருவி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரே ஒரு வீட்டில் இருந்ததால் ஒரு எபிசோடு மிஞ்சியது. என்ஹெச்கே இப்போது நேயர்களிடமே "உங்கள் வீட்டில் பழைய பதிவு இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டு, தன் சொந்த நிகழ்ச்சிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் பெட்டி. கியாபனும் ஷாரிபனும் தொலைந்துபோகவில்லை, உண்மை. தொலைந்துகொண்டிருப்பது அவை ஒளிபரப்பான அந்த அரை மணி நேரம். ப்ளூரேயில் எபிசோடு மட்டும்தான் இருக்கும். நடுவில் வந்த பொம்மை விளம்பரம், "இந்த நிகழ்ச்சியை வழங்குபவர்கள்" என்று நிறுவனங்களின் பெயர் வரும் அட்டை, அதன் பின்னால் ஓடும் குரல், அன்றைக்கு மேலே ஓடிய அவசரச் செய்தி, இவை எதுவும் மூல ஃபிலிமில் கிடையாது. நிலையமும் இவற்றை எடுத்துவைக்கவில்லை. உலகத்தில் இவை இருக்கும் இடம், இப்படிப் பிள்ளைகள் பதிவு செய்த கேசட்டுகள் மட்டுமே. ஒரு சின்ன உதாரணம்: கியாபன் காலத்தில் பொம்மைகளை வெளியிட்டது போப்பி. 1983-இல் அது பண்டாயோடு இணைந்துவிட்டது. விளம்பரத்தில் எந்தப் பெயர் வருகிறது என்பதைப் பார்த்தாலே எண் எழுதாத கேசட்டுக்குக்கூடக் காலம் சொல்லலாம்.

ஆர்எக்ஸ் கேசட்டு. பிளாக் ஆர்எக்ஸ் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணித் தொடர். 1989 ஜனவரி 7, சனிக்கிழமை காலையில் ஷோவா பேரரசர் ஹிரோஹிட்டோ காலமானார். அன்றும் மறுநாளும் தனியார் நிலையங்கள் வழக்கமான நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் நிறுத்திவிட்டுச் சிறப்பு நிகழ்ச்சிகளை ஒளிபரப்பின. உங்கள் வீட்டுக்கார அம்மாவின் மகன் வாராவாரம் டைமர் வைத்துப் பதிவு செய்திருப்பார். டெக்குக்கு என்ன தெரியும், பத்து மணிக்கு எழுந்து வந்ததைப் பதிவு செய்துவிட்டது. நான் ஊகித்தது சரியென்றால் உங்களிடம் இருப்பது ஜனவரி 8-ஆம் தேதி காலை. முதலில் டிஜிட்டலாக்க வேண்டிய கேசட்டு அதுதான்.

கார்முகில்

அக்கா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, கருவி பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டேப்பைக் கணினிக்கு மாற்றும் விலை மலிந்த யுஎஸ்பி கேப்சர் கருவிகளை நம்பி இறங்க வேண்டாம். டேப் ஓட்டத்தில் ஏற்படும் சிறு சிறு தடுமாற்றத்தைச் சரிசெய்யும் டிபிசி வசதி உள்ள எஸ்-விஹெச்எஸ் (விஹெச்எஸ்ஸின் மேம்பட்ட வகை) டெக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஜப்பானில் இருப்பது உங்களுக்கு வசதி, பழைய டெக்குகள் அங்கேதான் அதிகம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். கடைசி வரை விஹெச்எஸ் டெக் தயாரித்த ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டவேண்டியதுதான். யுனெஸ்கோவும் ஒலி ஒளிக் காப்பகங்களுக்கான சர்வதேசச் சங்கமும் 2019-இலேயே காந்த டேப்புகளைப் பற்றி எச்சரிக்கை விட்டன. டேப்பு கெட்டுப்போவது ஒருபுறம், ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லாமல் போவது மறுபுறம்.

ஜப்பான் டேப்புகளில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அங்கே என்டிஎஸ்சி என்ற டிவி முறையின் சிக்னலில் கறுப்பு என்பது 0 ஐஆர்இ (வெளிச்ச அளவைக் குறிக்கும் அலகு). அமெரிக்காவில் 7.5. உங்கள் கேப்சர் கருவி அமெரிக்க அளவில் அமைந்திருந்தால் 0-க்கும் 7.5-க்கும் நடுவில் உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். கியாபனில் இது பளிச்சென்று தெரியும். இருட்டில் நிற்கும் அந்த வெள்ளிக் கவசத்தின் விளிம்பு மட்டும் மின்னும், தோளும் முதுகும் பின்னணியோடு கலந்து காணாமல் போகும். பலர் "பழைய டேப், இவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். டேப்பில் எல்லாம் இருக்கிறது, எடுத்த விதத்தில்தான் போய்விட்டது. முதல் கேசட்டை எடுத்ததும் ஒரு இருட்டுக் காட்சியை நிறுத்தி அளவுகளைப் பாருங்கள்.

ஜப்பான் டெக்குகளில் சாதாரண வேகம், மூன்று மடங்கு என்று இரண்டு முறைகள். பிள்ளைகள் டேப்பை மிச்சம் பிடிக்க மூன்று மடங்கில்தான் போட்டிருப்பார்கள், இரண்டு மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் அடங்கும். அப்படிப் பதிவானவற்றுக்கு டிராக்கிங்கை, அதாவது ஹெட் டேப்பில் பதிவான தடத்தோடு பொருந்துவதை, பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். ஒரு டெக்கில் கோடு கோடாக வந்தால் வேறொரு டெக்கில் நன்றாக வரலாம்.

எடுத்ததை எஃப்எஃப்வி1 முறையில், இழப்பில்லாமல் சேமியுங்கள். இன்டர்லேஸை (ஒவ்வொரு பிரேமையும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக இரண்டு ஃபீல்டுகளில் காட்டும் முறை) நீக்க வேண்டாம், அளவை மாற்ற வேண்டாம், சத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டாம். எபிசோடு ஃபிலிமில் எடுத்தது, நொடிக்கு 24 பிரேம். நடுவில் வரும் விளம்பரங்களில் சில நேரடியாக வீடியோவில் எடுத்தவை, நொடிக்கு ஏறக்குறைய 60 ஃபீல்டு. மொத்தத்துக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டால் விளம்பரங்கள் பாழாகும். பார்ப்பதற்கு ஒரு சின்னக் கோப்பைத் தனியாகச் செய்துகொள்ளலாம். மின்னணுவில் கைவைக்கப் பயமில்லை என்றால் விஹெச்எஸ்-டிகோட் பற்றியும் படியுங்கள். டெக்கின் ஹெட்டிலிருந்து வரும் சிக்னலை அப்படியே பதிந்துகொண்டு, படமாக்கும் வேலையைக் கணினியில் செய்யும் முறை அது. லேசர் டிஸ்க்குக்கென்று தொடங்கிய திட்டத்திலிருந்து கிளைத்தது. ஆர்எக்ஸ் கேசட்டுக்கு அதுவே சிறந்தது.

ஆதவன்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? எடுத்ததும் எல்லாவற்றையும் இலவச இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றிவிடுங்கள் சகோ. கம்பெனிகளை நம்பி உட்கார்ந்திருந்தால் நாம் யாரும் இந்தத் தொடர்களைப் பார்த்திருக்கவே மாட்டோம். நேஷனல் கிட் 1960-இல் வந்த தொடர். ஜப்பானில் மறந்தே போனார்கள். பிரேசில் ரசிகர்கள்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கிக்கைடர் தொடரை 1974-இலிருந்து இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஹவாய் ரசிகர்கள். நான் கியாபனைப் பார்த்ததே, யாரோ முகம் தெரியாத ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சப்டைட்டில் போட்டு ஏற்றிவைத்ததால். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எல்லோருக்கும் திறந்திருப்பதுதான் காப்பகம். ஒருத்தர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது இன்னொரு அட்டைப்பெட்டி, அவ்வளவுதான்.

ரவி தாமஸ்

ஆதவன், உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் முகிலன் இருப்பது ஜப்பானில். சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. எபிசோடை இணையத்தில் ஏற்றுவதை அனுமதிப்பதில்லை. அனுமதியின்றி ஏற்றியது என்று தெரிந்தே வீடியோவைத் தரவிறக்குவதும் 2010 முதல் சட்டவிரோதம், 2012 அக்டோபரிலிருந்து தண்டனையும் உண்டு. விசாவில் வேலை பார்க்கும் ஒருவரிடம் "ஏற்றிவிடுங்கள் சகோ" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக்கூடாது.

செல்வராணி

ஆதவன், அந்த சப்டைட்டில்காரருக்கு நானும் கடன்பட்டிருக்கிறேன். ரசிகர்கள் இல்லையென்றால் ஜப்பானுக்கு வெளியே இந்தத் தொடர்களுக்கு உயிரே இல்லை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. டோயேயே 2020 ஏப்ரலில் உலக ரசிகர்களுக்கென்று யூடியூப் சேனல் தொடங்கி, பழைய தொடர்களின் முதல் இரண்டு எபிசோடுகளைப் போட்டபோது, சப்டைட்டில் போட ரசிகர்களைத்தான் நம்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் பார்வையாளர்கள் சப்டைட்டில் சேர்க்கும் வசதியையே யூடியூப் நீக்கிவிட்டது.

ஆனால் ஏற்றிவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2012 ஜனவரியில் மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளம் ஒரே நாளில் மூடப்பட்டது. அதில் எத்தனை தொடர்களின் இணைப்புகள் செத்துப்போயின என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இன்டர்நெட் ஆர்கைவ் நான் பெரிதும் மதிக்கும் இடம். அதுகூட 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகி நாள்கணக்கில் முடங்கிக் கிடந்தது. மூலக் கோப்பு சொந்தக்காரர் கையில் இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும், கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண்ணைக் குறித்துவைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். இணையத்தில் இருப்பது அதற்கு மேல்தான்.

இன்னொன்று, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ரசிகர்கள் காப்பாற்றியதில் பெரும்பகுதி வீடியோவே அல்ல, எழுத்து. 90-களின் கடைசியிலும் 2000-களிலும் ஜப்பானிய ரசிகர்கள் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவையில் தனித்தனிப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு தொடருக்கு, எபிசோடு எபிசோடாக, படப்பிடிப்பு நடந்த கல் குவாரி எது, அரக்கனுக்குள் இருந்த நடிகர் யார், எந்த வாரம் பேஸ்பால் ஆட்டத்துக்காக ஒளிபரப்பு தள்ளிப்போனது, எந்தப் பகுதியில் எந்த நிலையம் எத்தனை வாரம் தாமதமாகக் காட்டியது என்றெல்லாம் குறித்திருப்பார்கள். பின்னணி கறுப்பு, எழுத்து மஞ்சள், மூலையில் ஒரு வருகையாளர் எண்ணி. எந்த அதிகாரபூர்வப் புத்தகத்திலும் இல்லாத தகவல்கள் அவை. 2019 மார்ச் 31-உடன் ஜப்பான் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் முடிந்தவரை அள்ளி எடுத்தார்கள். பழைய முகவரி கைவசம் இருந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் இன்றும் பல பக்கங்கள் திறக்கின்றன. முகவரி தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம். நான் என் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடுவது அந்தப் பக்கங்களின் முகவரிகளைச் சேகரித்து, தொடர்வாரியாக அடுக்குவதில்தான். பழைய பக்கங்களின் "நண்பர் தளங்கள்" பட்டியலிலிருந்து ஒன்றைப் பிடித்து அடுத்ததற்குப் போக வேண்டும்.

எல்லாமே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அல்ட்ராசெவன் பன்னிரண்டாவது எபிசோடை எல்லோரும் அறிவீர்கள். 1967 டிசம்பர் 17-இல் ஒளிபரப்பானது. 1970-இல் ஒரு சிறுவர் பத்திரிகை இலவசமாகக் கொடுத்த அட்டையில், அதில் வரும் வேற்றுக்கிரகவாசியை அணுகுண்டுக் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் சொல்லாலேயே அழைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் எதிர்த்தார்கள். தொடரைத் தயாரித்த சுபுராயா நிறுவனம் அந்த எபிசோடை விலக்கியது, இன்றுவரை வெளியிடவில்லை. அது அழியக்கூடாது என்று நானும் நினைக்கிறேன், ஆய்வு செய்பவர்கள் பார்க்க ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும். அதற்காக அந்த மக்களின் வேதனையை ஒதுக்கிவிட்டு "தடை செய்யப்பட்ட எபிசோடு, உடனே பாருங்கள்" என்று கடை விரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வைத்திருப்பது வேறு, காட்டுவது வேறு.

முகிலன், உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. வீடியோ உங்களிடம் இருக்கட்டும். கேசட்டுவாரியாக என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பொதுவில் வையுங்கள். தேதி, நிலையம், நேரம், எபிசோடு, விளம்பரங்கள் வந்த வரிசை. பட்டியலுக்கு யாரும் உங்களைத் தடுக்க முடியாது. ஆராய்ச்சி செய்பவரோ உரிமையாளரோ தேடும்போது அது கண்ணில் பட்டால், கேட்டு வருவார்கள். ஃபுகுஷிமா மாவட்டம் சுகாகவாவில், அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சுபுராயா எய்ஜி பிறந்த ஊரில், 2020 நவம்பரில் டோக்குசாட்சு காப்பக மையம் திறந்தார்கள். இயக்குநர் அன்னோ ஹிதெயாகி தலைமையில் இயங்கும் அமைப்பு அதற்குத் துணை நிற்கிறது. அங்கே இருப்பவை மினியேச்சர்கள், படப்பிடிப்புப் பொருள்கள். வீட்டுக் கேசட்டுக்கான இடம் அது அல்ல. ஆனாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள், படத்தில் இடிக்கப்படுவதற்காகவே கட்டிய கட்டடங்களை எவ்வளவு மரியாதையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று.

முகிலன்

எல்லோருக்கும் நன்றி. ஆதவன் அண்ணா, நீங்கள் சொன்னதையும் மறக்கவில்லை. பூசணம் பிடித்தவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டேன். கார்முகில் சொன்னபடி டிபிசி உள்ள டெக் ஒன்று கிடைத்தது, கறுப்பு அளவையும் சரிசெய்துவிட்டேன். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். செல்வராணி அக்கா, ஆர்எக்ஸ் கேசட்டில் நீங்கள் சொன்னதேதான். திரை ஓரத்தில் தேதி வருகிறது, ஜனவரி 8. வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தொடர் வரவில்லை என்று மகன் அழுததாகவும், இன்றைக்கு அழக்கூடாது என்று தாத்தா அதட்டியதாகவும் சொன்னார். இதையும் குறித்துவைக்க வேண்டுமா?

ஒரு கேசட்டுக்குப் பட்டியல் எழுதிப் பார்த்தேன், இப்படி இருந்தால் போதுமா?

"கேசட்டு 4. மூன்று மடங்கு. முதல் பதிவு: டோரேமான் முடிவு, சில நொடிகள். விளம்பரங்கள் மூன்று. ஷாரிபன் தொடக்கப் பாட்டு, வழங்குபவர் அட்டை. முதல் பாதி. நடுவில் விளம்பரங்கள் நான்கு, அதில் இரண்டு பண்டாய். இரண்டாம் பாதி, முடிவுப் பாட்டு, அடுத்த வார முன்னோட்டம். விளம்பரங்கள். மல்யுத்த நிகழ்ச்சியின் தொடக்கம், பாதியில் அறுந்துவிடுகிறது. குப்பை."

செல்வராணி

வீட்டுக்கார அம்மா சொன்னதைக் கட்டாயம் எழுதிவையுங்கள், அவருடைய சம்மதத்தோடு, பெயர் போடாமல்.

பட்டியல் அருமை தம்பி. "குப்பை" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு டிவி அசாஹியில் வந்தது வேர்ல்ட் புரோ ரெஸ்லிங். 1983-இல் வந்த அந்த நிகழ்ச்சியை இன்று தேடுகிறவர்கள் நம்மைவிட அதிகம். அது எந்த அரங்கம், எந்த ஆட்டம் என்று தொடக்க அறிவிப்பில் சொல்வார்கள், காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள். அதிலிருந்தே ஒளிபரப்பான தேதியும் கிடைத்துவிடும். ஏழு மணிக்கு டோரேமான், ஏழரைக்கு ஷாரிபன், எட்டுக்கு மல்யுத்தம், மூன்றும் வரிசையாக இருப்பதால் இது டோக்கியோ பகுதி ஒளிபரப்பு என்பதும் ஏறக்குறைய உறுதியாகிறது.

விளம்பரங்களை "நான்கு" என்று எண்ணிக்கையாகப் போடாமல் ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். பொருளின் பெயர், நிறுவனம், எத்தனை நொடி, திரையில் வரும் விலை. நேரக் குறியீடு கேசட்டின் தொடக்கத்திலிருந்து இருக்கட்டும். ஐந்தாவது கேசட்டை முடித்ததும் இங்கேயே போடுங்கள், என்னிடம் உள்ள ஷாரிபன் பக்க முகவரிகளோடு ஒப்பிட்டு எபிசோடு எண்ணைச் சொல்கிறேன்.